வெர்லின் சொன்ன துப்பாக்கி

நடீனின் துப்பாக்கி மறுபடியும் சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே தெறிக்காமல், அது வெளியேறும் வாயில் குறுக்காக நின்றது. அவள் முனையைச் சுடுதளத்தின் மண்மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி வெர்லினைப் பார்த்தாள்.

இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்திருந்தான். எண்ணெய் விட்டான், தோட்டாவை மாற்றினான். கடைசியில் தானே வாங்கிச் சுட்டான். அவன் கையிலும் சிக்கியது. பிறகு இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்தான். அதே கம்பெனி, அதே மாடல். குறிக்கு வைத்திருந்த இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, ஒரு தடங்கலும் இல்லை.

பணக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பேர்பெற்ற துப்பாக்கியை அச்சு அசலாகப் பார்த்து துருக்கியில் செய்து, மலிவாக விற்கும் சரக்கு அது. வெர்லினிடம் அதைக் கொடுத்தவன் லோவெல். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுத் துப்பாக்கி பழுது பார்ப்பவன். வீடியோ சேனலும் நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை சுடும் பந்தயங்களில் வெர்லின் சுடுவான், லோவெல் படம்பிடிப்பான். சுட்டு முடித்ததும் வெர்லின் கேமராவைப் பார்த்து, "நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவன். எனக்கு இது போதும். உங்களுக்கும் போதும்" என்பான். அந்த வார்த்தை கென்டக்கி மாநிலம் தாண்டியும் போனது. பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்தார்கள். ஐம்பது வயதுவரை அவனிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை, இப்போது கேட்டார்கள்.

நடீனும் அப்படிக் கேட்டவள்தான். அவன் டிப்போவிலேயே வேறு தடத்தில் பஸ் ஓட்டுபவள். விவாகரத்தான புருஷன் குடித்துவிட்டு வந்து கதவை உதைத்துப் பிளந்த மறுநாள், வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, எதை வாங்கலாம் என்றாள். வெர்லின் யோசிக்கக்கூட இல்லை, தன்னிடம் இருந்ததையே சொன்னான்.

இப்போது வெர்லின் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, ஒரு துண்டை விரித்து, இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவளுடைய குழலில் கம்பெனி எழுத்துகள் பொறித்திருந்தன. அவனுடைய குழலில் அதே இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தழும்பு. எத்தனையோ தடவை துடைத்திருக்கிறான்; மலிவு வேலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான். காலி உறையைப் பிடித்திழுக்கும் கொக்கியும் வேறாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த விலையுயர்ந்த துப்பாக்கியின் உதிரி பாகங்கள் லோவெலின் ஷெட்டில்தான் தொங்கின.

நடீன் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

இல்லை என்றான். அவள் தலையசைத்தாள். வீட்டுப்பாடம் தொலைந்துபோனதாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்து அவள் அப்படித்தான் தலையசைப்பாள்.

லோவெல் ஷெட்டில் நின்றபடியே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். வெர்லின் உள்ளங்கையை விரித்துக் குழலைக் காட்டினான். லோவெல் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"எப்ப மாத்தின?"

"முதல் நாளே."

வீடியோவுக்காகக் கம்பெனி அனுப்பிய துப்பாக்கி மூன்றாவது குண்டிலேயே சிக்கியதாம். சிக்குகிற துப்பாக்கியை யார் பார்ப்பார்கள்? முதல் வீடியோவுக்கு மட்டும் என்றுதான் மாற்றினானாம். அது ஓடோ ஓடென்று ஓடிவிட்டது; அப்புறம் திருப்பி மாற்ற மனசு வரவில்லையாம். இதையெல்லாம் மழை வெயில் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா நீ கேமராவப் பாத்து அப்படிப் பேசியிருப்பியா? உனக்குப் பொய் சொல்ல வராதுடா. அதுக்காகத்தானே உன்னை நிக்க வச்சேன்."

அவன் அதைப் பாராட்டாகவே சொன்னான். வெர்லினுக்குக் காது மடல் சுட்டது. முகத்தில் குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம். இதற்கு எங்கே குத்துவது? கைகொடுத்த அந்நியர்களின் முகங்கள் வந்தன. எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள், எத்தனை வீட்டு அலமாரிகளில் அது படுத்திருக்கும்? ஜெயித்த பந்தயங்களை நினைத்தான். கை ஜெயித்ததா, குழல் ஜெயித்ததா? இனி அதுவும் தெரியப்போவதில்லை.

குழலைத் தன் துப்பாக்கியில் திரும்பப் பொருத்தி, நடீனின் வீட்டுக்குப் போய் அந்தத் துப்பாக்கியையே கொடுத்தான். அவளுடையதை வாங்கிக்கொண்டான். அவள் வாசலில் நின்றே வாங்கினாள். உள்ளே கூப்பிடவில்லை.

"நான் துப்பாக்கிய நம்பி வாங்கல, வெர்லின். நீங்க சொன்னீங்கன்னு வாங்கினேன்."

கதவு மூடியது. பிளந்த பலகைக்கு மேல் புதிதாக ஒரு பலகை அடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை லோவெல் வழக்கம்போல நேரடியாக ஒளிபரப்பினான். வெர்லின் வரமாட்டான் என்று நினைத்திருப்பான்போல. வெர்லின் வந்து பேர் கொடுத்துவிட்டு, நடீனிடம் வாங்கிய துப்பாக்கியோடு கோட்டில் நின்றபோது, லோவெலின் முகம் லேசாக மலர்ந்தது, கேமராவை அவன் பக்கம் திருப்பினான்.

மணி அடித்தது. முதல் தட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பிறகு சிக்கியது. வெர்லின் இழுத்து உதறினான். உறை சரளையில் விழுந்தது. சுட்டான். மறுபடி சிக்கியது. பின்னால் யாரோ சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். நேரம் முடிந்துவிட்டதாக நடுவர் சொன்னார். ஒரு தடவை ஆரம்பித்தால் முடிக்கிற உரிமை உண்டு என்றான் வெர்லின், குரல் உயரவில்லை. இழுத்தான், உதறினான், சுட்டான். விரல் நுனி கிழிந்து ரத்தம் கசிந்தது. இன்னும் தட்டுகள் நின்றன.

லோவெலின் கட்டைவிரல் ஒளிபரப்பை நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.