சிவப்பு நின்ற இடம்

மலேசியாவில் கோலசிலாங்கூர் படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த இனாயத்துல்லாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. புஞ்சாக் ஆலாமில் ஐபோன் செயலி எழுதும் மகள் ஷஹீதா சும்மா இருப்பாளா? அத்தாவுக்கென்றே ஒன்று எழுதி அவர் போனில் போட்டாள். திரையில் ஒரு சொல் வரும், சிவப்பாகும். சிவந்ததை அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் சோதித்தாள், கச்சிதமாக இருந்தது. தமிழில் பார்க்க மகாராணிக்கு நேரமில்லை.

மூன்று வாரம் போயிற்று. மீனுக்கு 'மீ' என்றார், கோழிக்குக் 'கோ' என்றார். மனைவி ஜெய்புன்னிசாவின் பெயருக்கு 'ஜெய்பு' என்று நிறுத்திவிட்டார். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. சனிக்கிழமை மகள் வந்ததும் வராததுமாக அவளிடம் சொல்லிவிட்டாள்.

"போதும்லா ஷஹீதா. என் பேரையே பாதியில விட்டுட்டாரு. இனிமே அவரப் போட்டு வதைக்க வேணாம்."

ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி, ஷஹீதா அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அம்மாவின் பெயர் வந்தது. சிவப்பு 'ஜெய்பு' வரை ஓடி நின்றது. அத்தாவும் அதுவரை படித்து நிறுத்தினார். மீதி எழுத்து கறுப்பாகவே கிடக்க, அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஷஹீதாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் எழுதும் ஸ்விஃப்ட் மொழி நம்மைப் போலவே எண்ணும். 'ஜெ' அதற்கு ஒரே எழுத்து, முழுப் பெயரும் ஆறு. எழுத்துக்கு வண்ணம் பூசும் பழைய கருவியோ கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணும். அதற்கு அதே பெயர் பன்னிரண்டு. இவள் ஆறை அப்படியே அதனிடம் கொடுத்திருந்தாள். அது பாதிப் பெயரோடு வேலையை முடித்துக்கொண்டது. எய்தவள் இருக்க அம்பை நொந்திருக்கிறார்கள். மூன்று வாரமாக அத்தா ஒரு தப்பும் செய்யவில்லை. சிவந்த மட்டும் படிங்க என்று மகள் சொன்னாள், படித்தார். அந்த மூளை எவ்வளவு முழுசாக இருந்திருக்கிறது!

மடிக்கணினியை அங்கேயே திறந்தாள். தொடக்கத்தையும் முடிவையும் தானே எண்ணித் தராமல், அந்தச் சொல்லையே பார்த்து ஸ்விஃப்டின் கணக்கைக் கருவியின் கணக்காக மாற்றிக்கொள்ளும்படி எழுதினாள். ஒரே வரிதான். போனில் ஏற்றி அத்தாவிடம் நீட்டினாள்.

சிவப்பு கடைசி எழுத்து வரை ஓடியது. அத்தா அதன் பின்னாலேயே போனார்.

"ஜெய்புன்... னி... சா."

பிறகு நல்ல கையால் போனைக் கவிழ்த்து வைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஜெய்புன்னிசா."

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள் அவள். கதவைப் பிடித்தபடியே நின்றாள்.