கரையை விட்ட வீடு

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை என்பதால், வீட்டில் அவளுக்குப் ‘பல்லம்மா’ என்றே பேர் நிலைத்துவிட்டது. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பது அவளுக்கு அத்துபடி. கவிதையோடு மட்டும் ஒரே ஒரு முறைதான் சகவாசம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்தூக்கம் என்பதே கிடையாது. அப்போது தானாக வாயில் வந்த நாலு வரியை நாத்தனாரிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

வீடு இரவில் கரையை விட்டு நகர்கிறது.
சுவர்கள் துடுப்புப் போடுகின்றன.
விழித்திருப்பவள் ஒருத்தி மட்டும்
திசை சொல்ல வேண்டும்.

நாத்தனார் ஓவியர். அவள் சிரிக்கவில்லை. “அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள். பல வருஷம் கழித்து அதைப் படமாக வரைந்தும் காட்டினாள். நன்றாயிருக்கிறது என்று பல்லம்மா பேச்சுக்குச் சொல்லிவைத்தாள். மகள் படிக்க வெளியூர் போய்விட்டாள். படமும் பாட்டும் மறந்தே போயின.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்த நாத்தனார் பூரிப்போடு சொன்னாள். “அண்ணி, நம்ம படத்தை பிரின்ட் போட்டு ஃபர்னிச்சர் கடையில விக்கறாங்க. சோபாவுக்கு மேல மாட்டுறதுக்காம். சின்னது, பெருசுன்னு எந்த சைஸ்லயும் கிடைக்கும்!”

பல்லம்மாவுக்குச் சுருக்கென்றது. “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“படம் நான் வரைஞ்சதுதானே அண்ணி?”

“முழிச்சிருந்தவ நான்.”

பெண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷர், தண்ணீர் குடிக்க எழுந்துபோனவர், திரும்பி வரவே இல்லை. நாத்தனாரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் முழுவதும் பல்லம்மாவுக்கு மனசு ஆறவில்லை. மெழுகில் பல் செதுக்கும்போதெல்லாம் யாரோ முன்பின் தெரியாதவர்கள் தன் தூங்காத ராத்திரிக்குக் கீழே கால் நீட்டி டி.வி. பார்ப்பதுபோல் தோன்றியது. வேலை சீக்கிரம் முடிந்த ஒரு சாயங்காலம் நேரே அந்தக் கடைக்குப் போனாள்.

உள்ளே யாரும் வாழாத வரவேற்பறைகள் வரிசையாக இருந்தன. விளக்குகள் எல்லாம் மங்கலான மஞ்சள். கடைசி அறையில், சாம்பல் நிற சோபாவுக்கு மேலே படம் தொங்கியது. கீழே ‘கரையை விட்ட வீடு’ என்று ஒரு சீட்டு. வீடு என்று சொன்னால்தான் வீடு. கோணல்மாணலாக நாலைந்து நீலக் கட்டங்கள், அடியில் கறுப்பாக ஒரு நெளிகோடு, ஓரத்தில் நகத்தளவு மஞ்சள். வெள்ளையே இல்லை. உற்றுப் பார்க்கலாமென்று எதிர்ப்பக்கக் கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை அவளை உள்வாங்கிக்கொண்டது.

கண் எப்போது அசந்ததென்று தெரியாது. கடை சத்தமில்லாமல் நகர ஆரம்பித்தது. கட்டில்களும் மேஜைகளும் ஒன்றையொன்று உரசாமல் மிதந்தன. விலைச்சீட்டுகள் காற்றில் சிறகடித்தன. தோளில் மகள் கனத்தாள். வளர்ந்தவள்தான், ஆனாலும் தோளுக்குள் அடங்கினாள். எந்தப் பக்கம் போகிறோம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. நீலத்துக்குப் பின்னால் இன்னொரு நீலம் திறந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று.

“என்னப்பா இது, வீடு சாஞ்சு கிடக்கு!”

குரல் கேட்டுக் கண் திறந்தாள். படத்தின் முன்னால் ஒரு பெரியவரும் அவர் மகனும் நின்றிருந்தார்கள்.

“சாயலைடா. நகர்ந்து போகுது” என்றார் பெரியவர்.

“அந்த மஞ்சப் புள்ளி?”

“யாரோ தூங்காம இருக்காங்க.”

பல்லம்மா சட்டென்று எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். “உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டோமாம்மா? இந்தப் படத்தை நீங்க எடுக்கறதா இருந்தா, நாங்க வேற பார்க்கிறோம்.”

“இல்லைங்க. உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?”

“வீட்டுல இவன் அம்மா படுத்த படுக்கையா இருக்கா. ராத்திரி நான்தான் பக்கத்துல உக்காந்திருக்கேன். எதிர்ல வெறும் சுவரு. எவ்வளவு நேரம்தான் சுவரையே பார்க்கிறது?”

பல்லம்மா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் வளர்த்த கோபம் எங்கே போனதென்று தேடியும் அகப்படவில்லை.

“இந்தப் படத்துக்கு ஒரு பாட்டு இருக்குங்க. சொல்லட்டுமா?” என்றாள். நாலு வரியையும் சொன்னாள்.

பெரியவர் காது கொடுத்துக் கேட்டார். “திசையா? எனக்கே தெரியலையேம்மா” என்றார்.

“எனக்கும் அப்போ தெரியலைங்க. ஏதோ ஒண்ணு சொல்லிட்டே இருந்தேன். விடிஞ்சுது.”

அவர் அவளை யார் என்று கேட்கவில்லை. மகனிடம் மட்டும், “பெரிய சைஸே எடுடா” என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, உங்களைக் கேக்காம செஞ்சது என் தப்புதான்” என்று அவள் எடுத்த எடுப்பில் அழ ஆரம்பித்தாள்.

“தப்புதான். அழாதே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. உங்க அண்ணன் சமைக்கிறாராம். உனக்கு அந்தத் தண்டனையே போதும்.”