முக்காலில் நிற்பவள்

ஓர்ப்படி கால் மாத்திரைக்கு இறங்கிவிட்டாள் என்று கேட்டதும் மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தூக்க மாத்திரையை விட்டொழிக்கலாம் என்று இளையவளைத் தான் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போனதே அவள்தான். இருவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததில், நேற்று வந்தவள் முந்திவிட்டாள். இவள் இன்னும் முக்காலில் நிற்கிறாள்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அடியோடு நிறுத்தினாள். மூன்றாம் நாள், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கடுகளவு திருகாணியை ஃபிரேமில் பொருத்த முடியாமல் கை வெடவெடவென்று நடுங்கியது. வியர்வை ஊற்றியது. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதலாளி வீட்டுக்குப் போன் செய்தார். ஆட்டோ பிடித்து ஓடிவந்தது இளையவள்தான். அந்த உதவி நடுக்கத்தைவிட அதிகமாக வலித்தது.

“திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரலாம்மா,” என்றார் டாக்டர். “மறுபடியும் முக்காலுக்கே போங்க. உடம்பு நிதானத்துக்கு வரட்டும். அப்புறம் இன்னும் சின்ன அளவா குறைக்கலாம்.”

“அவ மட்டும் கால் வந்துட்டாளே டாக்டர்?”

“அவங்க மாத்திரை போட்டு ஏறினது ரெண்டு வருஷப் படி. நீங்க ஒன்பது வருஷம் ஏறியிருக்கீங்க. இறங்க நேரமாகும்ல?”

வெளியே வந்ததும் இளையவள் மெல்லச் சொன்னாள்: “என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“உனக்கென்னடி, எல்லாம் கேக்காமலே கைக்கு வந்துடுது.”

இளையவள் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூத்தவள் டாக்டர் சொன்னபடி கேட்டாள். ஒரு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. திருகாணி பழையபடி சொன்ன பேச்சைக் கேட்டது. மனசுதான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் மூடியோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். இளையவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். மடியில் பாதி உரித்த பட்டாணி. குழந்தையைப் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. மாத்திரை தராத தூக்கம். இவள் ஒன்பது வருஷமாகக் காணாத தூக்கம்.

மூடியைக் கை நழுவ விட்டால் போதும். தவறி விழுந்தது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

விரல்கள் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. அப்போது இளையவளின் மடியிலிருந்து ஒரு பட்டாணி உருண்டு தரையில் ‘டொக்’கென்று விழுந்தது. விழித்துவிடுவாளோ என்று மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூடிய இமைகளையே பார்த்தபடி நின்றாள்.