முதுகுக்கு எத்தனை டேக்?

எங்கள் குடும்பம் பரம்பரையாக அப்பாக்கள். படங்களில் மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் அப்பாவுக்கு முதலில் என் தாத்தா குரல் கொடுத்தார், பிறகு என் அப்பா, இப்போது நான். என் அதட்டலுக்குப் பயந்து மைக்கே ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எங்கள் ஒலிப்பதிவுக்காரப் பையனோ பரம்பரை வில்லன். அவன் தாத்தா படத்தில் சிரித்த சிரிப்புக்குத் தியேட்டர் கூரையிலிருந்து ஓடு விழுந்தது, நானே பொறுக்கியிருக்கிறேன். அந்த வீட்டோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் மகள் அவனைத்தான் கட்டுவேன் என்றாள். "நான் உசிரோட இருக்கற வரைக்கும் நடக்காது" என்றேன். மனப்பாடமான வசனம்தானே.

"உங்கப்பா வாயால சரின்னு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று என் மனைவி ஒதுங்கிக்கொண்டாள்.

அன்றைய படமும் அதே கதைதான். தன் வேரைத் தேடிப் போகிற பெண், பகையாளி வீட்டுப் பையனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். கடைசியில் அப்பா இறங்கிவருகிறார். எனக்கு வாய் பழகாத இடம்.

"பேரு வேண்டாம் சார், பொண்ணேன்னு சொன்னா போதும்" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வில்லன் வாரிசு.

"பொண்ணே, உனக்குப் பிடிச்சவனையே கட்டிக்கோ. எனக்குச் சம்மதம்."

"இன்னொண்ணு சார். வீட்ல பேசற மாதிரி."

மறுபடி. மறுபடி. அப்போதுதான் உறைத்தது: திரையில் அந்த அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பொருத்துவதற்கு உதடே இல்லை. முதுகுக்கு எதற்கு இத்தனை டேக்? காலையில் நான் கேட்காமலே மகள் பிளாஸ்கில் வெந்நீர் கொடுத்ததும் உறுத்தியது. அவன் செல்போன் வேறு ஸ்பீக்கரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. யோசனையில் வசனத்தின் வாலிலேயே இருமிவிட்டேன்.

"இது ஓகே சார்!"

இருமலோடு ஓகேவா? வெளியே வந்து செல்லை ஆன் செய்ததும் மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பேசினதப் பொண்ணு போட்டுக் காமிச்சா. இப்பவாவது நல்ல மனசு வந்துச்சே! உங்க தங்கச்சிக்கும் சொல்லிட்டேன்."

"அடியே, அது படத்துல வர்ற அப்பா!"

"அவருக்கும் உங்க இருமலாக்கும்? சும்மா இருங்க."

அவளுக்குப் பின்னால் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். எத்தனை பேர் முயன்றும் டப்பிங்கில் வராத சத்தம் அது.

உள்ளே போனேன். வில்லன் வேர்த்துப்போய் எழுந்து நின்றான்.

"மாமா... வந்து..."

"உக்காருடா. எங்கக்காவுக்கும் அனுப்பணும், அவளுக்குக் காது மந்தம். இன்னொண்ணு எடு, சத்தமா சொல்றேன்."