இடது ஓரம் மங்கிய பூ

தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி தெரிந்ததும் மனசு கேட்காமல் தன் கையால் செய்த ஒரு வாழ்த்து அட்டையை அனுப்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அனுப்பும்போது எவ்வளவோ ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். அட்டையில் பெயரும் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை. பின்பக்கம் வழக்கமாக வைக்கும் கடை முத்திரையையும் வைக்கவில்லை. வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப்போன வண்டிக்காரரிடம் கொடுத்து, அங்கே தபாலில் போடச் சொன்னாள். புருஷனிடமிருந்து தப்பி வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அத்தனை மாதமும் கடைக்கார அக்காவின் பின்னறையில், வாசல் பக்கம் தலைகாட்டாமல் அட்டை செய்துகொண்டிருந்தாள்.

அக்கா அவளுக்கு உறவு ஒன்றும் இல்லை. வேலை கேட்டு வந்தவளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்றாவதற்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டவள், அவ்வளவுதான். ரப்பரில் பூ அச்சுகளை அக்காவே தன் கையால் செதுக்குவாள். ஒரு பூவுக்கு மூன்று அச்சு. முதல் அச்சில் வெளிறிய மையைத் தொட்டு இதழ்களின் வடிவத்தை மட்டும் பதிக்க வேண்டும். அது காய்ந்ததும் அதே இடத்தில் இரண்டாவது அச்சு, கொஞ்சம் அடர்ந்த மையில், நிழலுக்காக. மூன்றாவது கருஞ்சிவப்பில், நரம்புக்கும் ஓரத்துக்கும். மயிரிழை விலகினாலும் போச்சு. “பூவுக்கு மாறுகண் விழுந்துடும்” என்பாள் அக்கா.

இவளுக்கு இடது கைப்பழக்கம். ஆனால் அந்தக் கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் சரியாக மடங்காது. கல்யாணமான இரண்டாம் வருஷம், அந்தக் கையால் எழுதினாள் என்று புருஷன் அவற்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான். அதனால் அவள் அழுத்துகிற பூவெல்லாம் இடது ஓரத்தில் மங்கலாகவே விழும். அவற்றை முதலில் கழிவு என்று ஒதுக்கிய அக்கா, வாங்க வந்தவர்கள் அதையே தேடி எடுப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனாள். “நீ தப்பா பண்ணது வித்துப்போகுது, நான் ஒழுங்கா பண்ணது தூசி தின்னுது” என்று அடிக்கடி அலுத்துக்கொள்வாள்.

அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பின்னறையில் இவள் மூன்றாவது அச்சை மையில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்போது கடைப்பக்கம் ஒரு குரல் கேட்டது.

“இந்த அட்டை இங்க செஞ்சதுங்களா?”

மெதுவான, மரியாதையான குரல். அடிப்பதற்கு முன்னாலும் அவன் அப்படித்தான் பேசுவான். கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமோ என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்தது ஒரு துணித்திரைதான். கொல்லைக் கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதன் தாழ்ப்பாளை இழுத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவன் அவசரமில்லாமல் விவரம் சொன்னான். மச்சினி வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனானாம். அலமாரியில் இந்த அட்டை இருந்ததாம். நாலு ஊரில் காகிதக் கடை கடையாகக் காட்டி விசாரித்தபோது, இந்தப் பூவைச் செதுக்குகிற ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம்.

அக்காவின் குரல் மாறவில்லை. அச்சு தன்னுடையதுதான் என்றும், வருஷத்துக்கு நூறு செட் வெளியே விற்பதாகவும், யார் எங்கே குத்தினார்கள் என்று தனக்கெப்படித் தெரியும் என்றும் சொன்னாள்.

அவன் விற்பனைத் தட்டிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சரசரப்பு கேட்டது. அவள் திரை ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்தாள். பார்க்காமல் நிற்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

“இதுல பாதிக்கு மேல இடது ஓரம் மங்கலா இருக்கே” என்றான். “விரல்ல பலம் இல்லாதவங்க அழுத்தினா இப்படி விழும். இல்லீங்களா?”

அவன் கொடுத்த அடையாளத்தைத் தானே ஒவ்வொரு அட்டையிலும் குத்தி, கடை வாசலில் பரப்பி வைத்திருந்திருக்கிறாள்.

அக்கா சிரித்தாள். வெயில் விழுகிற பக்கம் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படிச் செய்வதாகச் சொன்னாள்.

“நீங்களே செய்யறதுங்களா? ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். நின்னு வாங்கிட்டுப் போறேன்.”

அக்கா ஒரு வெள்ளை அட்டையை எடுத்துப் போட்டாள். முதல் அச்சு, வலது கையால். இடது ஓரமும் பளிச்சென்று முழுசாக விழுந்தது. அவன் தலையை ஆட்டிப் புன்னகைத்தான். “மைப்பஞ்சுல மை கூடிப்போச்சு” என்று அக்கா அதைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு அட்டை எடுத்தாள். இந்தத் தடவை அச்சின் இடப்பக்கத்து விரல்களைத் தூக்கிக்கொண்டு அழுத்தினாள். ஓரம் மங்கியது. காய்வதற்காக ஊதினாள். இரண்டாவது. அப்புறம் மூன்றாவதை மேலே பிடித்து, இடம் பார்த்து, இறக்கினாள். பூ விலகாமல் உட்கார்ந்தது. அக்காவின் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்ததை இவள் அப்போதுதான் பார்த்தாள்.

அவன் நெடுநேரம் அந்தப் பூவையே பார்த்தான். பிறகு பேனா கேட்டு வாங்கி, அதன் உள்பக்கம் ஏதோ எழுதினான். அந்த மாதிரி விரலோடு யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, விலையையும் கொடுத்து, அட்டையை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

அக்கா ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வந்தவள், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அட்டையை இவள்தான் பிரித்தாள்.

“பாப்பா அழகா இருக்கு. உன் தங்கச்சி பகல்ல தனியாத்தான் இருக்கா. இனிமே நான் அடிக்கடி போய்ப் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே.”

அதுவரை ஓடுவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பை எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்று. படித்து முடித்ததும் அந்த நினைப்பு அறுந்தது. தான் ஓடலாம், கைக்குழந்தைக்காரி எங்கே ஓடுவாள்?

“போலீஸுக்குப் போகணும்க்கா” என்றாள். “நீங்களும் வாங்க. தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்.”

கொல்லை வழியாகப் போனார்கள். தெருவில் நின்ற ஒவ்வொரு ஆம்பிளை முதுகும் அவன் முதுகாகவே தெரிந்தது. ஸ்டேஷனில் இருந்த பெண் அதிகாரி அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, அக்கறையாகத்தானே எழுதியிருக்கிறான், இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அக்கா படபடவென்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். இவள் அவளைத் தடுத்து, இடது கையை மேசை மேல் வைத்தாள்.

“மேடம், அன்னிக்கும் அக்கறையாத்தான் கேட்டாரு. கதவை மெதுவா சாத்தட்டுமா, வேகமா சாத்தட்டுமான்னு.”

அதிகாரி விரல்களைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். முதல் வேலையாகத் தங்கையின் ஊர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

நான்காம் நாள் காலையில் தங்கை, போலீஸிடம் நம்பர் வாங்கிக் கடைக்குப் போன் செய்தாள். பதினோரு மாதம் கழித்துக் கேட்கிற குரல். அவன் வந்தானாம். மாமா வந்திருக்கிறேன், கதவைத் திற என்று அன்பாகக் கூப்பிட்டானாம். எதிர்வீட்டில் காத்திருந்த போலீஸ்காரர்கள் வாசலிலேயே பிடித்து வண்டியில் ஏற்றினார்களாம்.

“கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா. நான் என் கண்ணால பாத்தேன்.”

அவளுக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

“கதவைச் சாத்தினியா?” என்று கேட்டாள்.

“சாத்திட்டேன்க்கா.”

“தாழ்ப்பாள்?”

தங்கை போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தாள்.

“போட்டிருக்குக்கா” என்றாள்.