பெரியவரின் நாடித்துடிப்பு

பெரியவரைக் குளிப்பாட்டித் துவட்டி, உடை மாற்றி, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு சிஸ்டர் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். முதல் அடி அப்போதுதான் விழுந்தது. கைத்தடியால், வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"திருட்டு நாயே, சாவி எங்கடி?" என்றார் பெரியவர்.

அந்த வீட்டில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லோரும் என்றால் பெரியவரின் மகன் ஒருத்தன்தான், வேறு யார் இருக்கிறார்கள்? பெரியவர் நல்ல நேரத்தில் "ஏம்மா" என்பார், கெட்ட நேரத்தில் "திருடி" என்பார். ஒரு காலத்தில் பெரிய சரக்குக் கிடங்குக்கு மேற்பார்வையாளர். முதலாளிகளிடம் போனில் பேசும்போது தேன் ஒழுகும். போனை வைத்த கையோடு, சரக்கைத் திருடினவனைக் கதவிடுக்கில் கை வைக்கச் சொல்லி நசுக்குவார். மூளை மங்கிய பிறகு அவருக்கு வீடே கிடங்காகிவிட்டது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி. திருட வேறு ஆள் வேண்டுமே!

மகன் நல்லவன்தான், கண் மட்டும் கைப்பேசியில் இருந்தது. அப்பாவுக்காக வீடு முழுக்க சென்சார் வைத்திருந்தான். மெத்தைக்கு அடியில் ஒன்று, அவர் எழுந்தால் சொல்லும். வாசல் கதவு எண் அழுத்தினால்தான் திறக்கும், அவர் தெருவில் இறங்கிவிடக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் மேலே அவர் கையில் ஒரு பட்டை. நாடித்துடிப்பை எண்ணும். அவர் விழுந்தால் கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லும், அங்கே இருக்கும் பெண் சுவரிலுள்ள ஒலிபெருக்கி வழியாக "என்ன ஆச்சு?" என்று விசாரிப்பாள். நாடியே இல்லையென்றால் விசாரணையெல்லாம் கிடையாது, நேராக ஆம்புலன்ஸ்தான்.

வேலைக்கு வந்த புதிதில் சிஸ்டர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். பட்டை நனைந்தால் பெரியவருக்கு அரிப்பெடுக்கும், அதனால் குளிப்பாட்டும்போது கழற்றி அலமாரியில் வைத்தாள். அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது, தெருவே வேடிக்கை பார்த்தது. மகன் ஓடி வந்து, "உயிரே போயிடுச்சு சிஸ்டர். இன்னொரு தடவை கழட்டினீங்கன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றான். அவளைப் போல வேலை பார்க்கும் ஒரு அக்கா அதற்கு வழி சொல்லிக்கொடுத்தாள். "கழட்டினதும் உன் கையில கட்டிக்கோடி. மெஷினுக்கு ஒரு நாடி வேணும், அவ்வளவுதான். நாங்க எல்லாரும் அப்படித்தான்." அன்றிலிருந்து குளியல் நேரத்தில் பட்டை சிஸ்டர் கையில் இருக்கும்.

வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது. பெரியவர் கை ஓங்குவது பெரும்பாலும் குளியல் அறையில்தான். ஒரு நாள் வாளியில் அவள் தலையை அமுக்கினார். இன்னொரு நாள் காதைக் கடித்தார். மகனிடம் காயத்தைக் காட்டியபோது அவன் கைப்பேசியைக் காட்டினான்.

"அப்பா ஒரு பூச்சியைக்கூட அடிக்க மாட்டாரு சிஸ்டர். இதைப் பாருங்க, அந்த நேரத்துல அவருக்குத்தான் படபடன்னு அடிச்சிருக்கு. பயந்து போயிருக்காரு. நீங்க என்ன பண்ணீங்க?"

அது என் நாடி என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் பட்டையைக் கழற்றுவது தெரிந்துவிடும், வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்துக்கான கூலிதான் இன்று தடியாக வந்தது.

இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். நடுவில் பெரியவர் நின்றார். அவளுடைய கைப்பேசி கதவருகே மாட்டியிருந்த பையில் இருந்தது. "ஐயா, நான்தான்யா, சிஸ்டர்" என்றாள். தடி தோளில் இறங்கியது. கால் வழுக்கித் தரையில் விழுந்தாள். பெரியவர் முழங்காலை அவள் நெஞ்சில் ஊன்றி உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பா அது! மூச்சு மேலே ஏறவில்லை.

சுவரில் ஒலிபெருக்கி கிணுகிணுத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டையைத் திருப்பிக் கட்ட மறந்திருக்கிறாள். அது அவளுடைய இடது கையில் இருக்கிறது. விழுந்ததும் சொல்லிவிட்டது!

"ஐயா, வணக்கம். விழுந்துட்டீங்களா? அடி எதுவும் படலையே?" என்றது ஒரு பெண் குரல்.

சிஸ்டர் கத்த வாயைத் திறந்தாள். பெரியவரின் உள்ளங்கை வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியது. திருடனைப் பிடித்தால் முதலில் வாயை அடைக்க வேண்டும் என்பதை அந்த மூளை மறக்கவே இல்லை. போனில் பேசும் பாங்கையும் மறக்கவில்லை.

"வணக்கம்மா, வணக்கம். நான் நல்லா இருக்கேன். துண்டு கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் ஐயா. பல்ஸ் கொஞ்சம் அதிகமா காட்டுதே?"

"வயசாயிடுச்சில்லம்மா!" என்று சிரித்தார். அவர் விரல்கள் அவள் கன்னத்தில் புதைந்திருந்தன.

"சரிங்க ஐயா, பார்த்து நடங்க" என்றது குரல். ஒலிபெருக்கி அடங்கியது.

அந்த அடக்கம் அடிகளைவிட அதிகமாக வலித்தது. இனி ஒருத்தரும் வரமாட்டார்கள். மகன் மாலையில் வருவான், வந்து பிணத்தைப் பார்ப்பான். அவள் வாயை அகலத் திறந்து அந்த உள்ளங்கையைக் கடித்தாள். சதை கிழிந்து ரத்தம் நாக்கில் உப்புக் கரித்தது. பெரியவர் அலறிக் கையை இழுத்துக்கொண்டார். அவள் புரண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். இடுப்பு உடைந்து கிழம் அதோடு சரி. அந்த எண்ணம் வெட்கமே இல்லாமல் வந்தது, இனிக்கவும் செய்தது. தர்மம் பார்த்தா அவள் நிறுத்தினாள்? இல்லை. யார் நம்புவார்கள் என்று நினைத்துத்தான் நிறுத்தினாள்.

பட்டையைக் கழற்ற வேண்டும். நாடி நின்றால் கேள்வி கிடையாது. ஆனால் வயதானவர்கள் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக அதன் கொக்கியில் இரண்டு பக்கமும் பொத்தான் வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் திறக்கும். அவளுடைய வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் பொத்தான்களில் வைத்துக் கடித்தாள்.

தடி மேசைக்கு அடியில் நுழைந்து அவள் தொடையைக் குத்தியது. கடியை விடவில்லை. பெரியவர் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார், தலை மேசைக்காலில் மோதியது, முன்பல் ஒன்று உடைந்தது. பட்டை கழன்று தரையில் விழுந்தது.

"சாவி எங்கடி?"

"கிடங்குல... மாடியில... ரெண்டாவது அறையில இருக்குங்கய்யா" என்றாள். இல்லாத மாடி, இல்லாத அறை. அவர் யோசித்தார். யோசித்து முடித்துவிட்டு மறுபடி அடித்தார். அவள் வேறொரு இடம் சொன்னாள். அதற்கும் யோசித்தார், அடித்தார். வாசல் கதவில் எண் அழுத்தும் ஒலி கேட்கும்வரை அவள் இடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மகன், "அப்பா! அப்பா!" என்று கதறிக்கொண்டு அவள் கால்களைத் தாண்டிப் போனான். பெரியவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்துண்டால் தடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் அவர் நெஞ்சைத் தடவினான், கையைப் பார்த்தான், கடிக்காயத்தைப் பார்த்தான். பிறகு மேசையடியில் கிடந்த பட்டையை எடுத்தான்.

"மறுபடியும் கழட்டினீங்களா சிஸ்டர்?"

அவளுடைய கைக்குக் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர் நிமிர்ந்து, "சார், முதல்ல இந்தம்மாவைப் பாருங்க" என்றார்.

அவன் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

உடைந்த பல் வழியாக அவள் நிதானமாகவே சொன்னாள். "தினமும் கழட்டுவேன் சார். கழட்டி என் கையில கட்டிக்குவேன். அப்பா பயந்துட்டாருன்னு உங்க போனைக் காட்டினீங்களே, பயந்தது நான். அது என் நெஞ்சு."

அவனுடைய சட்டைப்பையில் கைப்பேசி விடாமல் அலறியது, நாடி இல்லை, நாடி இல்லை என்று. பட்டையை அப்பாவிடம் நீட்டினான். பெரியவர் கையை மடக்கிக்கொண்டார். அலறல் தாங்காமல் அவன் பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டான். கைப்பேசி அடங்கியது.

சிஸ்டரைத் தூக்குப் படுக்கையில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர் மகனை மேலும் கீழும் பார்த்தார். "யாருப்பா நீ? என் கிடங்குல உனக்கென்ன வேலை?"

"அப்பா, நான்தான்ப்பா..."

"சாவி எங்கடா?"

"சார்," என்று சிஸ்டர் வாசலிலிருந்து கூப்பிட்டாள், "அவருக்கு முதுகைக் காட்டாதீங்க."

என்ன சொல்கிறாள் என்று கேட்க அவன் திரும்பினான். அவனுக்குப் பின்னால் பெரியவர் எழுந்தார். அடி விழுந்த சத்தம் தெருவரை கேட்டது. அதைத் தொடர்ந்து அவனுடைய கைப்பேசி வழக்கமான குரலில், அப்பாவின் நாடித்துடிப்பு அதிகமாக இருக்கிறது என்று சொன்னது.