பெத்தணன் நின்ற மூலை

என் பெட்டியில் ஒரு அரைத் துண்டு இருக்கிறது. சிவப்புக் கரை போட்டது, நீளவாக்கில் கிழிந்தது. அதன் மற்றப் பாதி பெத்தணனிடம் இருந்தது. அந்தத் துண்டின் கதையைச் சொல்ல வேண்டுமானால், சடுகுடுவில் ஒரு ஆள் எப்படிப் பிடிபடுகிறான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதில் எனக்குச் சலிப்பே வராது.

1958-ல் சிவகாசியில் நான்கு கம்பெனிகள் சடுகுடு அணி வைத்திருந்தன. நான் எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் அச்சடிக்கும் மிஷினில் வேலை பார்த்தேன். அணியில் இடது மூலையில் நிற்பவனும் நான்தான். நல்ல ஆட்டக்காரர்களுக்காகக் கம்பெனிகள் கிராமம் கிராமமாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டதால், முதலாளிகள் நால்வரும் கூடி ஒரு முறை வைத்தார்கள். பங்குனிப் பொங்கல் முடிந்ததும் சுற்றுவட்டாரத்து ஆட்டக்காரர்கள் ஆனைக்குட்டத்து ஆற்று மணலில் இரண்டு நாள் ஆடிக்காட்டுவார்கள். போன வருடம் கடைசியாக வந்த கம்பெனி முதல் ஆளை எடுக்கும்; அதற்கு மேலே வந்த கம்பெனி இரண்டாவது ஆளை எடுக்கும். இதற்கு 'எடுப்பு' என்று பெயர். எடுத்தவனுக்குக் கம்பெனி வேலை தர வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. எடுத்த ஆள் சரியில்லை என்றால், அடுத்த பங்குனிப் பொங்கல் ஆட்டம் முடிந்த அன்று அவனைத் திருப்பி விடலாம். மறு வருட முதல் எடுப்பு அந்தக் கம்பெனிக்கே வரும். வியாபாரிகள் திருப்பி அனுப்பும் நமுத்த வெடியை யாரும் மறுபடி வாங்குவதில்லை. திருப்பி விட்ட ஆளையும் அப்படித்தான்.

நாங்கள் கடைசியாக வந்திருந்தோம். எங்கள் முதலாளி நல்லசிவம் முதல் எடுப்பில் தாயில்பட்டிப் பெத்தணனைக் காட்டினார். மாட்டு வண்டிச் சக்கரத்தைத் தனியாகத் தூக்கி மாட்டுகிற உடம்பு. வலது மூலைக்கு அவன், லோடு ஏற்றும் வேலையும் அவனுக்கு. அவன் மனைவி இருளம்மாளுக்குப் பெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு இருவரும் வந்தார்கள். இரண்டாவது எடுப்பில் கீழரோட்டுக் கம்பெனி செல்லப்பாண்டி என்ற ஒல்லிப் பையனை எடுத்தது. 'சடுகுடு' பாடிக்கொண்டு எதிரணிக்குள் போவதில் அவன் புலி.

ஆறு ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிகப் பிடி போட்டவனுக்கு முதலாளி ஒரு சிவப்புக் கரைத் துண்டு போர்த்துவது வழக்கம். செல்லப்பாண்டியைப் பற்றி ஊரே பேசியது. எங்களில் நான் நான்கு துண்டு வாங்கியிருந்தேன். பெத்தணனுக்கு ஒன்றுமில்லை. ஆறு ஆட்டத்தில் அவன் பிடித்தது ஐந்தே ஐந்து பேர்.

"என்னலே, மொத எடுப்பு மூலையில காவல் நிக்கிதா?" என்று கீழரோட்டுக்காரர்கள் கத்துவார்கள். "நமுத்த வெடி! வெயில்ல காயப் போடுங்கலே!"

ஒருநாள் முதலாளி மிஷின் அறைக்கு வந்தார். "ஏலே அய்யாதுரை, நீதான் கூட நிக்கிறவன். பெத்தணன் ஆவானா ஆகமாட்டானா? இன்னும் மூணு ஆட்டம் பாரு. பாத்துட்டு ஒரே வார்த்தையில சொல்லு. திருப்பி விடணும்னா விட்டிருவோம்."

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கே 'ஆகமாட்டான்' என்பது என் வாய் வரை வந்தது. ஆனால் காரணம் காட்டாமல் எதையும் சொல்வது எனக்குப் பிடிக்காது. அவன் உதவாதவன் என்று காட்டுவதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

அச்சில் நிறம் விலகிப்போன லேபிள் தாள்கள் எங்களிடம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பின்பக்கம் வெள்ளை. அதில் ஆடுகளத்தை வரைந்து, எதிராளி ஒவ்வொரு முறை பாடி வரும்போதும் எந்தப் பக்கம் போனான் என்று ஒரு கோடு இழுக்கும்படி, வெளியே உட்கார்ந்திருக்கும் எங்கள் மாற்று ஆள் முனியசாமியிடம் சொன்னேன். தொட்டுவிட்டால் ஒரு புள்ளி, பிடிபட்டால் ஒரு சுழி.

மூன்று ஆட்டத்துக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மூன்று தாள்களையும் மிஷின் மேஜையில் விரித்தேன். என் பக்கம் கோடுகள் சோளத்தட்டைக் கட்டு போல அடர்ந்து கிடந்தன. பெத்தணன் பக்கம் வெள்ளையாக இருந்தது. முனியசாமி தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு எண்ணினேன். மொத்தம் தொண்ணூற்று நான்கு பாட்டு. என் பக்கம் வந்தது ஐம்பத்தேழு, நடுவில் இருபத்தாறு, பெத்தணன் பக்கம் பதினொன்று. அந்தப் பதினொன்றில் நான்கு பேர் பிடிபட்டார்கள். மற்ற ஏழு பேர் யாரையும் தொடாமல் ஓடிவிட்டார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.

நான் என் சாப்பாட்டை மறந்தேன். என் பக்கம் வந்த ஐம்பத்தேழில் நான் பிடித்தது பத்தொன்பது, மூன்றுக்கு ஒன்று. அவன் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவனிடம் ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? பாடி வருகிறவன் இரண்டு மூலையையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அவன் உள்ளே வந்துவிட்டால், மூலையில் நிற்பவன் பின்னால் சுற்றி நடுக்கோட்டுக்குப் போகும் வழியை அடைப்பான். பெத்தணன் என்ன செய்தான் என்று அடுத்த பயிற்சியில் கவனித்தேன். எதிராளி கால் திரும்புவதற்கு முன்பே ஒரு அடி, ஒரே ஒரு அடி, உள்ளே வந்தான். வந்தவனுக்கு உடனே பயம். அவன் உடம்பு என் பக்கம் சாய்ந்தது. கண் மட்டும் பெத்தணனை விட்டு அகலவில்லை. கண் அங்கே, கால் இங்கே. நான் குனிந்து அந்தக் கணுக்காலை எடுத்துக்கொண்டேன். மரத்திலிருந்து விழுந்த மாங்காயைப் பொறுக்குவது போல. இத்தனை நாளும் அது என் வேகம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான் தாள்களோடு லோடு ஏற்றும் இடத்துக்கு ஓடினேன். பெத்தணன் பண்டல்களின் மேல் உட்கார்ந்திருந்தான். இருளம்மாள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீக," என்றான் பெத்தணன். "மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க. பங்குனிப் பொங்கல் கழிஞ்சு நாங்க ஊருக்குப் போயிருதோம். அவுக வாயால திருப்பி விடுதேன்னு கேக்க என்னால முடியாது."

"எதுக்குப் போகணும்?"

"பிடிக்கக் கூப்பிட்டு வந்தாக. நான் பிடிக்கலையே. இவுக சோத்தத் தின்னா தொண்டையில எறங்க மாட்டேங்கு."

நான் தாளை விரித்துக் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் பொறுமையாகப் பார்த்தான். "இங்கன ஒண்ணுமே இல்லையே, அண்ணாச்சி."

"அதான்லே விசயம்! ஒண்ணுமில்லாம வச்சிருக்கது நீதான்."

"அப்ப நான் சும்மா நின்னதுதான் ஆட்டமா?"

இருளம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே அண்ணே! எங்க வீட்டுலயும் எட்டு வருசமா இவுக அப்படித்தான் நிக்காக. நான்தான் தெரியாம ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்."

பெத்தணன் சிரிக்கவில்லை. "நீங்க நல்ல மனசுல சொல்லுதீக, அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா?" என்று பண்டலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

முதலாளியிடம் போனேன். அவர் தாளைத் திருப்பி லேபிள் பக்கத்தைப் பார்த்தார், பிறகு கோடுகளைப் பார்த்தார்.

"அப்ப நீ வாங்குன துண்டெல்லாம்?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது ஆட்டத்தில் ஆறு துண்டு. அணித் தலைவனாக என்னைத்தான் போடுவார்கள் என்று பேச்சு இருந்தது. வெளியே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பாதி அவனோடது, மொதலாளி," என்றேன்.

"தாளுல கோடு போட்டா ஆட்டம் ஆயிருமாலே?" என்றார். "போன வருசம் கடைசி, இந்த வருசம் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கோம். அது உன்னாலன்னு ஊர் சொல்லுது, நீ அவனாலங்க. சரி, ஒண்ணு செய்வோம். விருதுநகர்ல மொதப் பாதி அவன் உக்காரட்டும். நான் கண்ணால பாக்கேன்."

இறுதி ஆட்டம் விருதுநகரில், பங்குனிப் பொங்கல் கூட்டத்துக்கு நடுவே, சாயங்காலம். எதிரே கீழரோட்டுக் கம்பெனி. வலது மூலையில் முனியசாமி நின்றான். பெத்தணன் கோட்டுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவன், "காயப் போட்டுட்டாங்கலே!" என்று கத்தினான்.

செல்லப்பாண்டி பாடி வந்தான். வலது மூலையைப் பார்த்தான். யார் நிற்பது என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. முதல் பாதியில் அவன் என் பக்கம் அதிகம் வரவில்லை. வந்தபோதும் அவன் கண் என் மேலேயே இருந்தது. கண்ணும் காலும் ஒரே இடத்தில் இருக்கிறவனை நான் பிடித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று முறை பாய்ந்தேன். மூன்று முறையும் மண்ணைத்தான் பிடித்தேன். முதல் பாதி முடிந்தபோது அவர்கள் பதினாறு, நாங்கள் ஐந்து.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். என் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏலே பெத்தணா, எறங்கு," என்றார்.

பெத்தணன் அசையவில்லை. "நான் எறங்கி என்ன மொதலாளி..."

"எறங்குலேங்கேன். பிடிக்க வேண்டாம். எப்பவும் போல நில்லு, போதும்."

அவன் இறங்கினான். செல்லப்பாண்டி பாடிக்கொண்டு வந்தான். பெத்தணன் ஒரு அடி உள்ளே வைத்தான். செல்லப்பாண்டியின் உடம்பு என் பக்கம் சாய்ந்தது, கண் அங்கேயே தங்கியது. நான் கணுக்காலை எடுத்தேன். கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் பெத்தணனைப் பார்த்தேன். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான், அது யாருடைய கால் என்பது போல.

அடுத்த பாட்டில் வேண்டுமென்றே அரை அடி மட்டும் வைத்துப் பார்த்தான். வந்தவன் துணிந்து உள்ளே போனான். உடனே பெத்தணன் முழு அடி வைத்தான்; வந்தவன் சறுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தான். பெத்தணன் வாய்விட்டுச் சிரித்தான். சிவகாசிக்கு வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல ஆசைதான். இருபதுக்குப் பத்தொன்பது, ஒரு புள்ளியில் தோற்றோம். முதல் பாதிப் பள்ளம் அவ்வளவு ஆழம். ஆனால் இரண்டாம் பாதியில் அவர்கள் எடுத்தது நான்கே புள்ளி. முதலாளி தோற்ற முகத்தோடு வரவில்லை. தனக்கு முதல் எடுப்பில் கண் தவறவில்லை என்ற சந்தோஷம் அவருக்கு.

"இவனத் திருப்பி விட்டா என்னையச் சொல்லணும்," என்றார். பிறகு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் தயங்கி நின்றார். அதிகப் பிடி என்னுடையது, ஏழு. பெத்தணன் இரண்டாம் பாதியில் ஒருவனையும் தொடவில்லை. "வழக்கம் வழக்கந்தான்," என்று துண்டை என் தோளில் போட்டார்.

லோடு லாரியில்தான் திரும்பினோம். இருளம்மாளும் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். லாரி கிளம்பும்போது, நான் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்து, ஒரு பாதியைப் பெத்தணன் மடியில் வைத்தேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையும் விளக்கிச் சொல்கிற எனக்கு அது ஒன்றுதான் சொல்ல வரவில்லை.

"ஐயோ அண்ணே, புதுத் துண்டு!" என்று இருளம்மாள் பதறினாள். "ரெண்டு பேருக்கும் ஒதவாம ஆக்கிட்டீகளே. தலை தொவட்டக்கூட காணாதே!"

பெத்தணன் அந்தப் பாதியை இரண்டு கையாலும் எடுத்து மடித்தான். "அண்ணாச்சி," என்றான். "அந்தத் தாளு இருக்கா? இன்னொரு தடவ காட்டுங்க. அந்த வெள்ளையா இருக்க எடத்த."

வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லாரி குலுங்கியது. அவன் தாளை முழங்காலில் விரித்து, கோடில்லாத அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தபடியே சிவகாசி வரை வந்தான்.